வீட்டை மூடியாச்சு, உள்ளே இருக்கும் காற்றை யார் பார்ப்பது?

குளிர்நாட்டு வீடுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே ஒரு வாசகம் கண்ணில் படும்: இறுக்கமாகக் கட்டு, சரியாகக் காற்றோட்டம் கொடு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டடப் பொறியாளர்கள் பல வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. நல்ல வாசகம். என் புகார் என்னன்னா, இதன் முதல் பாதிக்கு ஒரு எண் இருக்கு, அளக்க ஒரு கருவி இருக்கு, பாஸ் ஆனா ஒரு சான்றிதழும் இருக்கு. இரண்டாம் பாதிக்கு இருப்பது பெரும்பாலும் நம்பிக்கை மட்டும்தான். ஆனா அந்த வீட்டுக்குள் தூங்குகிற குழந்தையின் நுரையீரல் நம்பியிருப்பது இரண்டாம் பாதியை.

இது இன்சுலேஷனுக்கு எதிரான கட்டுரை இல்லை. அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்னு அர்த்தம். எரிசக்தித் தரநிலைகள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதுதான் இங்கே கேள்வி.

ரெஜைனா, 1977

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத் தலைநகர் ரெஜைனா. அங்கே ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது செய்தியே கிடையாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அந்தக் குளிருக்குப் பொருந்துகிற ஒரு சூரியசக்தி வீடு கட்டிக் காட்டுங்கள் என்று மாகாண அரசு ஆராய்ச்சியாளர்களைக் கேட்டது. ஹெரால்ட் ஆர், ராபர்ட் பெசன்ட், ராப் டுமான்ட், டேவிட் ஐர் போன்றவர்கள் இருந்த குழு அது. அவர்கள் கணக்குப் போட்டதும் ஒரு விஷயம் தெளிவாச்சு. சூடு அதிகம் வேண்டிய மாதங்களில்தான் அங்கே பகல் மிகக் குறுகியது. அதனால வெயிலைப் பிடிப்பதற்கு முன்னாடி, இருக்கிற சூடு வெளியே போகாம பார்க்கணும்.

அப்படி 1977ல் உருவானதுதான் சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ். சுவர் சுமார் ஆர்-40, கூரை ஆர்-60. ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனுக்கான எண், கூடக்கூட நல்லது. சுவருக்குள் பாலிதீன் தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டி காற்றுக்கசிவை அடைத்தார்கள். வாசலில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்தத்தில் சோதித்தால், வீட்டுக் காற்று மணிக்கு 0.8 தடவைதான் மாறியது. பழைய வீடுகளில் இது 10ஐத் தாண்டுவது சாதாரணம். அந்தக் குளிரிலும் வழக்கமான ஃபர்னஸ் இல்லாமலே வீடு ஓடியது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்லும் விதம் இப்படி: சூரியசக்தி அமைப்பு விலை அதிகம், தொந்தரவும் அதிகம், கடைசியில் கழற்றியாச்சு. இன்சுலேஷனும் காற்றுப்புகாமையும் ஜெயித்தன. ஜெர்மனியில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் 1991ல் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிஷ்டைன் பகுதியில் நாலு வீடுகள் கொண்ட வரிசையைக் கட்டி, பிறகு அதை பாசிவ்ஹாஸ் என்ற தரநிலையாக வளர்த்ததும் இதே வழியில்தான். அதன் புகழ்பெற்ற எண்கள் இரண்டு. ஒன்று, வீட்டைச் சூடாக்க வருஷத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவாட்-மணிக்கு மேல் தேவைப்படக் கூடாது. இரண்டு, கசிவுச் சோதனையில் 0.6ஐத் தாண்டக் கூடாது.

கதையில் சின்னதாகிப் போவது மூன்றாவது பொருள். ரெஜைனா வீட்டில் ஒரு வெப்பப் பரிமாற்றப் பெட்டி இருந்தது. வெளியே தள்ளும் அழுக்குக் காற்றின் சூட்டை, உள்ளே வரும் சுத்தக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. இன்றைக்கு இதை எச்.ஆர்.வி. என்கிறார்கள். நல்ல கருவி நாலில் மூன்று பங்குக்கு மேல் சூட்டை மீட்டுத் தரும். ரெஜைனா குழுவுக்கு இது ஒரு கூடுதல் வசதி இல்லை. அவ்வளவு இறுக்கமாக மூடிய வீட்டில் இது இல்லாமல் குடியிருக்க முடியாது.

ஹாட்பாக்ஸ் பாடம்

ஏன் முடியாது? சுடச்சுட இட்லியை ஹாட்பாக்ஸில் போட்டு மூடுங்க. சூடு போகாது, சரி. ஆனா கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மூடியில் நீர் கோத்து, மேலே இருக்கிற இட்லி சொதசொதன்னு ஆகியிருக்கும். அதனாலதான் நம்ம வீடுகளில் இட்லிக்கு மேல ஒரு துணியைப் போட்டு மூடுறாங்க. சூட்டைப் பிடித்து வைத்தவருக்கு ஈரத்தைப் பற்றியும் ஒரு ஏற்பாடு தேவைப்படுது.

நாலு பேர் இருக்கும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் ஆவியைத் தாங்கும். மைனஸ் 20ல் அது ஒரு கிராமுக்கும் கீழே. ஆக, உள்காற்று குளிர்ந்த பரப்பு எதைத் தொட்டாலும் நீரைக் கக்கும். ஜன்னல் ஓரம், அலமாரிக்குப் பின்னால், மரச்சட்டத்துக்கு உள்ளே. அங்கே பூஞ்சை வரும், அப்புறம் மரம் அழுகும். ஆஸ்துமா இருக்கிற வீட்டில் பூஞ்சை என்ன செய்யும்னு விளக்க வேண்டியதில்லை.

இதோடு மனிதர் விடும் கரியமில வாயு, பெயின்ட்டும் பிளைவுட்டும் விடும் ஃபார்மால்டிஹைடு, கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு, தரைக்கு அடியிலிருந்து வரும் ரேடான். ஓட்டை வீட்டில் இவை தற்செயலாக வெளியே போகும். இறுக்கமான வீட்டில் யாராவது இவற்றை வெளியேற்றியாகணும்.

"வீடு மூச்சு விடணும்" என்கிற வாதம்

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: "அப்படின்னா கொஞ்சம் ஓட்டையாவே கட்டலாமே? தாத்தா காலத்து வீடு மூச்சு விட்டுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

இந்த நம்பிக்கைக்கு ஒரு மதிப்புக்குரிய மூதாதை உண்டு. 19ஆம் நூற்றாண்டு மூனிக் நகரத்துச் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். அறைக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858லேயே எல்லை சொன்னவர். அந்த எண்ணை இன்னிக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே மனிதர்தான் செங்கல் சுவர் வழியாகவே அறைக்குப் போதுமான காற்று மாறுகிறது என்றும் நம்பினார். பூசிய சுவர் வழியே போகும் காற்று மிக மிகச் சொற்பம் என்பது பின்னாடி அளந்து தெரிந்தது. காற்று வந்ததெல்லாம் ஜன்னல் சந்து, கதவு இடுக்கு, புகைபோக்கி வழியாக.

அந்த இடுக்குகளுக்குப் புத்தி கிடையாது என்பதுதான் சிக்கல். சூறைக்காற்று அடிக்கிற மைனஸ் 30 இரவில் தேவைக்கு அஞ்சு மடங்கு காற்று வரும். காற்றே அசையாத இலையுதிர்கால நாளில் ஒன்றும் வராது. அதோடு, சூடான காற்று மேலே ஏறி கூரை வழியே கசியும்போது, அடியில் பேஸ்மென்ட் மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சும். அதாவது ஓட்டை வீடு "சுத்தக் காற்று" என்று எடுத்துக்கொள்வதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இருந்து ரேடானோடு வருது. மேலே கசிகிற ஈரக்காற்றோ கூரைக்குள் உறைந்து, வசந்தத்தில் உருகிச் சொட்டும். ஆகவே கசிவை அடைப்பதே ஒரு சுகாதார வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடைத்த பிறகு என்ன நடக்குதுன்னு பார்க்கிற ஆள் இல்லை என்பதில்தான் பிரச்சினை.

முதல் நாள் சோதனை

நம்ம மென்பொருள் தொழிலில் இது பழக்கப்பட்ட நிலைமை. ரிலீஸ் அன்னிக்கு எல்லா டெஸ்டும் பச்சை. புரொடக்‌ஷனில் யாரும் கண்காணிக்கலை.

கசிவுச் சோதனை வீடு கைமாறும் முன் ஒரே நாளில் முடியும். நல்லது என்னன்னா, பாலிதீனும் டேப்பும் ஒழுங்காக ஒட்டியிருந்தால் அந்த எண் வருஷக்கணக்கில் பெரிசா மாறாது. எச்.ஆர்.வி. அப்படி இல்லை. அதில் மோட்டார் இருக்கு, ஃபில்டர் இருக்கு, சில மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யணும். வெளிச்சுவரில் காற்று உள்ளே வரும் வாயின் வலையில் தூசியும் பஞ்சும் அடைக்கும், குளிரில் பனி கட்டும். கடுங்குளிரில் உள்ளே இருக்கும் பரிமாற்றத் தகடுகளே உறையும். அதை உருக்கச் சில கருவிகள் வெளிக்காற்றை நிறுத்தி வீட்டுக் காற்றையே கொஞ்ச நேரம் சுற்ற விடும். ஜன்னலைத் திறக்கவே முடியாத இரவில்தான் இது அடிக்கடி நடக்கும்.

பாசிவ்ஹாஸ்காரர்களுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். காற்றோட்டத்தை அவர்கள் மறக்கவில்லை. ஓர் ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்ற அடிப்படையில் வடிவமைக்கச் சொல்கிறார்கள், கருவியை இயக்கிப் பார்த்து அளந்த தாளையும் சான்றிதழுக்குக் கேட்கிறார்கள். கட்டுமானத் தொழிலில் இதுவே பெரிய முன்னேற்றம். ஆனா அதுவும் முதல் நாள் தாள்தான். அஞ்சாம் வருஷ பிப்ரவரியில் படுக்கையறைக் காற்று எப்படி இருக்குன்னு சான்றிதழ் கேட்பதில்லை.

"கிரானிஷ்டைன் வீடுகளை 25 வருஷம் கழித்தும் அளந்தார்களே, எல்லாம் வேலை செய்யுதே" என்பார்கள். உண்மை, அளந்தார்கள், முடிவும் நன்றாக இருந்தது. ஆனா அந்த வரிசையில் ஒரு வீட்டில் குடியிருந்தவர் ஃபைஸ்ட் அவர்களேதான். தான் எழுதிய நிரலைத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்த மாதிரி. கருவி நீடித்து உழைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. ஃபில்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் வாடகைக்கு வந்த குடும்பத்தின் கையில் அது எப்படி உழைக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

அந்த இரண்டாவது சோதனை நெதர்லாந்தில் தானாகவே நடந்தது. ஆமர்ஸ்ஃபோர்ட் நகரின் வாட்டோர்ஸ்ட் என்ற புதுக் குடியிருப்பில் வெப்ப மீட்புக் காற்றோட்டம் பொருத்திய வீடுகளில் இருந்தவர்கள் 2000களின் பிற்பகுதியில் உடல்நலப் புகார்களோடு வந்தார்கள். ஆராய்ந்தபோது தெரிந்தவை சாதாரணமான விஷயங்கள்: பல வீடுகளில் காற்றளவு குறைவு, அமைத்த விதம் சரியில்லை, விசிறிச் சத்தம் அதிகம். சத்தம் போடும் கருவியை மனுஷன் என்ன செய்வான்? குறைத்து வைப்பான், இல்லைன்னா அணைப்பான். தத்துவத்தில் தப்பில்லை, ஆனா படுக்கையறையில் அது தோற்றுப்போச்சு.

ஹீட்டர் நின்றால் ஒரு மணி நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எச்.ஆர்.வி. நின்றால் யாருக்கும் தெரியாது. மூக்கு பத்து நிமிஷத்தில் பழகிக்கொள்ளும். காலையில் தலை கொஞ்சம் பாரமாக இருந்தால் தூக்கம் போதலைன்னு நினைப்போம். இப்படிச் சத்தமில்லாமல் செத்துப்போகும் ஒரு பாகத்தை நம்பித்தான் மொத்த வடிவமைப்பும் நிற்குது. அதற்கு ஓர் எச்சரிக்கை விளக்காவது வேணும் என்பது பெரிய கோரிக்கையா?

பாஃபின் தீவுக் குழந்தைகள்

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கனடாவின் வடகோடி நுனாவுட் பகுதியைப் பார்க்கணும். அங்கே இன்யூட் பச்சிளங்குழந்தைகள் நுரையீரல் தொற்றால் மருத்துவமனையில் சேரும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 2007ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஃபின் பகுதியில், அஞ்சு வயதுக்குக் கீழ்க் குழந்தைகள் இருக்கும் 49 வீடுகள். ஒரு வீட்டில் சராசரி 6.1 பேர். கரியமில வாயு சராசரி பத்து லட்சத்துக்கு 1358 பங்கு. பெட்டன்கோஃபர் 149 வருஷம் முன்னாடி சொன்ன எல்லை 1000. பரிந்துரைத்த அளவை விடக் காற்றோட்டம் குறைவாக இருந்தவை 80 சதவீத வீடுகள். கரியமில வாயு கூடிய வீடுகளிலும், ஆட்கள் கூடிய வீடுகளிலும் நுரையீரல் தொற்று அதிகம்.

1358 என்பது விஷ அளவு இல்லை. அது ஓர் அறிகுறி: ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதன் அளவு. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் புகைபிடிப்பவர்களும் இருந்தார்கள், ஆகவே எல்லாப் பழியையும் காற்றோட்டத்தின் மேல் போடவும் முடியாது. அதே குழு 2009ல் அடுத்த சோதனையை வெளியிட்டது. சில வீடுகளுக்கு உண்மையான எச்.ஆர்.வி., மற்ற வீடுகளுக்கு அதேபோல் தோன்றும் பொம்மைக் கருவி. உண்மையான கருவி இருந்த வீடுகளில் குழந்தைகளின் இளைப்பு குறைந்தது. மருத்துவ நிலையத்துக்குப் போகும் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மாயமந்திரம் இல்லை, ஆனா பலன் உண்டு. ஆறு பேரை ஒரே வீட்டில் அடைக்கும் வீட்டுப் பற்றாக்குறையை எந்த விசிறியும் தீர்க்காது என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

கணக்கில் வராத செலவு, கணக்கில் வராத லாபம்

எரிசக்தியை மட்டும் எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு கனடாவிலேயே பழைய உதாரணம் இருக்கு. 1970களின் பிற்பகுதியில் வீட்டு இன்சுலேஷனுக்கு அரசு மானியம் கொடுத்தது. பலர் சுவருக்குள் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையை அடித்தார்கள். சுவர் சூட்டைப் பிடித்தது, நுரை ஃபார்மால்டிஹைடை விட்டது. 1980 டிசம்பரில் அதைத் தடை செய்தார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவருக்குள் அது போயாச்சு.

ரேடான் இன்னும் மெதுவானது. புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் இதுதான். கனடாவின் எல்லை கன மீட்டருக்கு 200 பெக்கரல், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 100. 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு மாதிரிக் கணக்கு, காற்றோட்டத்துக்கு ஈடு செய்யாமல் இங்கிலாந்து வீடுகளின் கசிவை மட்டும் அடைத்தால் சராசரி ரேடான் 21.2லிருந்து 33.2 பெக்கரலாக உயரும், உச்சத்தில் வருஷத்துக்கு 278 கூடுதல் இறப்புகள் வரும் என்று மதிப்பிட்டது. அது மாதிரிக் கணக்குதான், எண்ணிப் பார்த்த சாவுகள் இல்லை. ஆனாலும் வாசகத்தின் பாதியை மட்டும் நிறைவேற்றினால் என்ன விலை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தாளை நான் வேறு பார்க்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தில் 1350 குடும்பங்களை வைத்து நடத்திய சோதனை 2007ல் வெளியானது. இன்சுலேஷன் போட்ட வீடுகளில் வெப்பநிலை கொஞ்சம்தான் கூடியது, ஈரப்பதம் கொஞ்சம் குறைந்தது. ஆனா இளைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போடுவதும் பெரியவர்கள் வேலைக்கு லீவு போடுவதும் குறைந்தது. மின்கட்டணத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த லாபம் கண்ணிலேயே படாது. ஆக, சுகாதாரத்தை அளக்காத கணக்கு இரண்டு பக்கமும் தப்பு செய்யுது. கெட்ட வீட்டை நல்ல வீடு என்கிறது, நல்ல வீட்டின் உண்மையான மதிப்பையும் குறைத்துச் சொல்கிறது.

அப்ப என்ன கேட்கணும்?

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஒன்று, சான்றிதழ் இரண்டு தவணையில் வரட்டும். கட்டி முடித்த அன்று பாதி. குடும்பம் குடியேறி இரண்டு குளிர்காலம் கழித்து, படுக்கையறையில் கரியமில வாயுவையும் கீழ்த்தளத்தில் ரேடானையும் அளந்த பிறகு மீதி. இரண்டு, காற்றோட்டக் கருவியின் நிலை சமையலறையில் தெரியணும், பேஸ்மென்ட் மூலையில் இல்லை. ஏணி போடாமல் ஃபில்டரை எடுக்க முடியணும். மூன்று, அஸ்திவாரம் போடும்போதே தரைக்கு அடியில் ரேடானை வெளியேற்றும் குழாயைப் பதிக்கணும். அப்போது அது சின்னச் செலவு, பிறகு தரையை உடைக்க வேண்டிவரும்.

"பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, தரநிலை என்ன செய்யும்?" என்பது நியாயமான கேள்விதான். ஆனா காரில் எஞ்சின் ஆயில் குறைந்தால் விளக்கு எரியுது. ஓட்டுபவர் பொறுப்பானவர் என்று நம்பி அந்த விளக்கை யாரும் எடுத்துவிடவில்லை.

டொராண்டோ பக்கமோ வேறு குளிர் ஊரிலோ வீடு பார்க்கும் நண்பர்களுக்கு, குறிப்பாக பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் ஆர் எண்ணைப் பெருமையாகச் சொல்வார், கேட்டுக்கோங்க. அப்புறம் எச்.ஆர்.வி. எங்கேன்னு கேட்டு, ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி, தாளிப்புப் புகையை வெளியே தள்ளுதா, இல்லை வடிகட்டி உங்க முகத்துக்கே திருப்பி அனுப்புதான்னு பாருங்க. ரேடான் கருவி ஒன்று வாங்கி, குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் கீழ்த்தளத்தில் வைங்க. வரும் எண் 200ஐத் தாண்டினா சரிசெய்ய வழி இருக்கு, ஆனா அளக்காத வீட்டில் அது தேவையா இல்லையான்னே தெரியாது.